மேலப்பாளையத்தில் நின்ற புள்ளி

அத்தியாயம் 11

போன வாரம் ஜெர்லினைப் பேருந்தில் ஏற்றிவிட்டு நிறுத்தியிருந்தோம். தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவள் போய் இறங்கியது மேலப்பாளையம். கல்யாணப் பெண் யாரையோ ரகசியமாகப் பார்க்கப் போகிறாள் என்று நான்கைந்து வாசகிகள் கடிதமே எழுதிவிட்டார்கள். மன்னிக்க வேண்டும், உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட முடியாது. அவள் பார்க்கப் போனது ஒரு கம்ப்யூட்டரை.

மேலப்பாளையத்தில் முகம்மது இப்ராஹிமின் செல்போன் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் ஜெர்லின். கல்யாணம் நிச்சயமானதும், "கடை வேலையெல்லாம் வேண்டாம்" என்று மாப்பிள்ளை டெனிஸ் தோஹாவிலிருந்து சொன்னான். மூன்று மாதம் இழுத்துப் பார்த்து, போன மாதம் நின்றுவிட்டாள். வேலை நின்றதே தவிர, கை நிற்கவில்லை.

நான்கு மாதம் முன் நிச்சயத்துக்கு டெனிஸ் அனுப்பிய போன் விலை உயர்ந்தது. ஆனால் சும்மா மேசையில் கிடக்கும்போதே அடுப்பங்கரைக் கல் மாதிரி சூடாகும். மத்தியானத்துக்குள் பாதி சார்ஜ் போய்விடும். கேட்காத ஏகப்பட்ட செயலிகள் உள்ளே உட்கார்ந்திருந்தன, நீக்கவும் முடியவில்லை. கம்பெனி போட்டு அனுப்பிய சிஸ்டத்தையே தூக்கிவிட்டு, உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஆர்வக்காரர்கள் எழுதி இலவசமாகக் கொடுக்கும் வேறொரு சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்தால் என்ன?

இது அவளுக்குப் புதிதல்ல. விரிசல் விழுந்த தன் பழைய போனில் ஐந்து விதமான சிஸ்டம் போட்டுப் பார்த்தவள். ஒன்றில் கேமரா மஞ்சள் காமாலை வந்தது போலக் காட்டும், ஒன்றில் போன் வந்தால் மணியே அடிக்காது. அதை நோண்டி நோண்டிச் சரிசெய்வதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். சிலருக்குத் தாயம், சிலருக்கு ஊர்வம்பு, இவளுக்கு இது.

சிஸ்டத்தை மாற்ற, போனின் உள்பூட்டைத் திறக்கக் கம்பெனியிடம் அனுமதி கேட்டாள். ஏழு நாள் காத்திரு என்று பதில் வந்தது. ஏழு நாளும் அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை, மேலப்பாளையம்; பழைய கடைக் கம்ப்யூட்டரில் போனைச் சொருகினாள்.

"எல்லாம் சுத்தமா அழிஞ்சிரும் தாயி. உள்ள என்ன கிடக்குன்னு ஒருக்கா பாத்துக்கிட்டியா?" என்று இப்ராஹிம் பாய் கேட்டார்.

வாடிக்கையாளரிடம் ஜெர்லினே நூறு தடவை கேட்ட கேள்வி அது. "என் போன்ல என்ன பாய் கிடக்கு? போட்டோதான், எடுத்து வச்சாச்சு" என்று பொத்தானை அமுக்கினாள். அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

இருபது நிமிடம் போன் கறுப்பாகக் கிடந்து உயிரை வாங்கியது. பிறகு எழுந்தது. புதுப் போனாக, லேசாக, குளிர்ந்து. வங்கிச் செயலி மட்டும் இந்தப் போனில் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது. போகட்டும் என்று சிரித்துக்கொண்டே ஊருக்குப் பேருந்து ஏறினாள்.

அந்தச் சிரிப்பு சனிக்கிழமை காலை எட்டு மணி வரைக்கும்தான்.

* * *

அவள் ஊரான புன்னக்காயலில், மாதா கோயிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியிடம் தெரிவிக்கவும் என்று. ஜெர்லினுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலை நாளைக் காலைப் பூசையில். அதற்குப் பிறகு ஒரு கல்யாணம் நின்றால், கடற்கரையில் வலை உலர்த்துகிறவன் வரைக்கும் காரணம் கேட்பான்.

அப்பா பர்னபாஸ் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போயிருக்கிறார். அவர் வரும்வரை வீட்டுக்கு ஆண்பிள்ளை அண்ணன் எட்வின். முப்பத்திரண்டு வயது. பைபர் படகில் கூலிப் பங்குக்குப் போகிறவன். அவன்தான் கரையிலிருந்து விறுவிறுவென்று வந்து அடுக்களை வாசலில் நின்றான்.

"ஏட்டி, நேத்து மேலப்பாளையத்துல உனக்கு என்ன சோலி?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா பவுலின் நிமிர்ந்தாள். "மேலப்பாளையமா? பாளையங்கோட்டைக்குல்லா போனா?"

"கேளு உம் மவள்ட்ட. பன்னெண்டே முக்காலுக்கு அங்கன ஒரு போன் கடையில இருந்திருக்கா. போனை வித்துட்டாளான்னு டெனிஸ் கேக்கான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு."

பொய் சொன்னது சொன்னதுதான். ஜெர்லினின் முகம் சுண்டிப்போயிற்று. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். அப்போதுதான் அந்தப் பன்னிரண்டே முக்கால் காதில் உறுத்தியது.

"விக்கல, வேற சிஸ்டம்தான் போட்டேன். அவருக்கு யாரு சொன்னா?"

"யாரோ பாத்தவங்க சொல்லிருப்பாவ."

"பாத்தவங்க கடையைச் சொல்லுவாவ. நிமிசத்தையா சொல்லுவாவ?"

எட்வின் துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

"சாயந்தரம் ஆறு மணிக்கெல்லாம் நான் இங்கன வந்துட்டேன்லா. அதையும் பாத்தவங்க சொன்னாவளா?"

"அதான் அவனுக்கு விளங்கல. புள்ளி அங்கனயே நிக்கி, நகரவே இல்லன்னு சொல்லுதான்."

சொல்லிவிட்டு எட்வின் உதட்டைக் கடித்தான். பேசத் தெரியாதவன் பொய் சொல்லக் கூடாது, மாட்டிக்கொள்வான்.

"எந்தப் புள்ளிண்ணே?" என்றாள் ஜெர்லின், மெதுவாக.

"என்னமோ சொன்னான். எனக்கென்ன தெரியும்?" என்று அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஜெர்லினுக்குத் தெரியும். அது அவள் தொழில். போன் எங்கே போனாலும் இன்னொருத்தர் போனில் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. சும்மா கிடந்த போன் ஏன் சூடானது, சார்ஜ் எங்கே போனது, செயலி அழிந்த கடையிலேயே புள்ளி ஏன் நின்றது, எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. அந்தப் போன் பார்சலில் வந்தது. அதை வாங்கி ஒருநாள் முழுக்க வைத்திருந்து, "சார்ஜ் போட்டுப் பாத்தேன்" என்று கொடுத்தவன் எட்வின்.

நான்கு மாதம். அந்தோணியார் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனது, தோழி வீட்டில் படம் பார்த்தது, ஆற்று முகத்துவாரத்தில் ஒருநாள் தனியாக ஒருமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் ஒருத்தன் தோஹாவில் இருந்துகொண்டு பார்த்திருக்கிறான். அவள் போனைக் கவிழ்த்துப் போட்டாள்.

அதைவிடப் பெரிய எரிச்சல் தன் மேலேயே. இப்ராஹிம் பாய் கேட்டாரே, உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்த்தாயா என்று! பார்த்திருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். இப்போது போன் கழுவிவிட்ட தட்டு. யாரிடம் எதைக் காட்டுவாள்?

* * *

பதினோரு மணிக்கு டெனிஸ் வீடியோவில் கூப்பிட்டான். குரலில் தேன்.

"என்ன, ராத்திரியெல்லாம் தூங்கலியோ? முகம் வாடிப்போய் இருக்கு."

"என் போன்ல ஆளு எங்க இருக்கான்னு பாக்குற செயலி போட்டிருந்தீங்களா?"

டெனிஸ் சிரித்தான். "யாரு சொன்னா உனக்கு? எங்க இருக்கு அந்தச் செயலி? காட்டு, பாப்போம்."

சிஸ்டம் மாறியதை எட்வின் சொல்லியிருந்தான்; அவளால் காட்ட முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் 'காட்டு'வில்தான் ஜெர்லினுக்கு எல்லாம் முடிந்துபோனது. போட்டேன், தப்புதான் என்று சொல்லியிருந்தால்கூட அவள் யோசித்திருப்பாள். எனக்கு அவளைத் தெரியும்.

"இந்தா பாரு ஜெர்லின், அந்தக் கண்ட கழிசடையெல்லாம் எடுத்துட்டு பழையபடி கம்பெனி சிஸ்டத்தையே போட்டுரு. போட்டுட்டு எட்வின்ட்ட ஒருக்கா குடு. அவன் மத்ததப் பாத்துக்கிடுவான்."

"எங்கண்ணனுக்கு சிம்மு மாத்தவே தெரியாது. அவன் மத்த எதைப் பாத்துக்கிடுவான்?"

டெனிஸ் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான். தோஹாவில் அன்றைக்கு மட்டும் சிக்னல் சரியில்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெங்காயம் உரித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"அப்படியே போட்டிருந்தாலும் என்னட்டி தப்பு?" என்றாள் பவுலின். "உங்கப்பா தோணியில ஏறுனா ரெண்டு மாசத்துக்கு நான் எங்க இருக்கேன், என்ன செய்யுதேன்னு அவருக்கும் தெரியாது. அவரு இருக்காரா முங்குனாரான்னு எனக்கும் தெரியாது. நீ பொறந்த அன்னைக்கு அவரு எங்க இருந்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எங்க இருக்கன்னு தேடுதுக்கு ஒரு ஆளு இருந்தா அது குடுப்பினைல்லா?"

அம்மா பொய்யாகச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருட ஏக்கத்தைச் சொன்னாள். அதனால் ஜெர்லினுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"அவர் கேட்டிருந்தா நான் சொல்லிருப்பேன்ம்மா. தினமும் சொல்லிருப்பேன். அவர் கேக்கலியே."

பவுலின் முந்தானையால் கையைத் துடைத்தாள். "நாளைக்கு மூணாம் ஓலை. அப்பா வாக்குக் குடுத்தது. ஒரு போனுக்காவ ஊரைக் கூட்டிராத. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. ஜெர்லின் முற்றத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். போனை எடுப்பாள், வைப்பாள். மத்தியானச் சோறு தட்டில் காய்ந்தது.

அங்கே வலைக் கொட்டகையில் எட்வினுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு மணிக்கு டெனிஸிடமிருந்து செய்தி வந்தது.

'மச்சான், உன் விசா கைக்கு வந்துட்டு. கப்பல் இழுக்குற டக் போட்டுல வேலை. நாளைக்கு ஓலை வாசிச்சு முடிஞ்சதும் அனுப்புதேன்.'

விசாவை இன்றைக்கே அனுப்பினால் என்ன? அந்தக் கேள்வி எட்வினுக்கும் வந்தது. ஆனால் பதினாறு வயதிலிருந்து அடுத்தவன் படகில் ஏறியவன் அவன். கேள்வியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவனைத் திட்டிக் கடிதம் எழுதத் துடிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

* * *

ஐந்து மணிக்கு ஜெர்லின் முகத்தைக் கழுவி, தலையைச் சீவி, முக்காட்டுத் துணியை எடுத்துக்கொண்டாள்.

"எங்கட்டி?" என்றாள் பவுலின்.

"சாமியைப் பாக்கப் போறேன்."

பவுலின் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். தெருமுனை வரை போய் எட்வினைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் ஓடி வந்து தங்கையைப் பிடிப்பதற்குள் அவள் சாமியார் பங்களாவின் படி ஏறிவிட்டாள். அவனும் பின்னாலேயே நுழைந்தான்.

பங்குச் சாமி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, நாளைக்கு வாசிக்க வேண்டிய ஓலைகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

"வாம்மா, கல்யாணப் பொண்ணு. என்ன, அண்ணனும் தங்கச்சியுமா?"

"சாமி, நாளைக்கு என் ஓலையை வாசிக்க வேண்டாம்."

சாமி பேனாவை மூடினார். மூடியதும் குரல் மாறிவிட்டது. "ஏன், தடை ஏதும் உண்டா? பையனுக்கு வேற கல்யாணம் ஏதும்…"

"அதெல்லாம் இல்ல சாமி."

"முறை தப்பு?"

"இல்ல. எனக்குத் தெரியாம என் போன்ல ஒரு செயலி போட்டு, நான் எங்க போறேன் வாறேன்னு நாலு மாசமா பாத்திருக்காரு."

சாமி இந்தத் தடையை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. "காட்டு" என்றார், அவரும்.

"நான் வேற சிஸ்டம் போட்டதுல அது அழிஞ்சிட்டு சாமி."

"அப்ப ஆதாரம்?"

ஜெர்லின் அண்ணனைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். எட்வின் தரையைப் பார்த்தான். விசா, டக் படகு, சொந்தமாக ஒரு வீடு, எல்லாம் அந்தத் தரையில் ஓடியிருக்க வேண்டும்.

"அவளுக்குக் கோவம் சாமி" என்றான். "கடை வேலையை விடச் சொன்னானேன்னு. சும்மா கற்பனையா என்னத்தையாவது சொல்லுதா. அப்படி ஒண்ணும் கிடையாது."

ஜெர்லின் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்தவன் ஏமாற்றியதைத் தாங்கலாம். கூடப் பிறந்தவன் சாமி முன்னால் நின்று தன்னைப் பொய்க்காரி ஆக்குவதை எப்படித் தாங்குவது?

"பாரும்மா," என்று சாமி பொறுமையாக ஆரம்பித்தார், "கல்யாணம் நெருங்கும்போது பொண்ணுங்களுக்கு ஒரு பயம்…"

எட்வினின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. விசாவாக இருக்குமோ என்ற நினைப்பில் கை தானாகப் போய் எடுத்தது. படித்தான். மறுபடி படித்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"என்னலே?" என்றார் சாமி.

எட்வின் போனை மேசைமேல் வைத்தான். சாமி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வாய்விட்டே படித்தார்.

"'மச்சான், அஞ்சு நிமிசமா சாமியார் பங்களாவுல என்ன பண்ணுத? ஓலை விசயமா? அவளும் கூட இருக்காளா?'"

சாமி போனைத் தன்னைவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இவன் இப்ப எங்கலே இருக்கான்?"

"தோஹாவுல சாமி."

சாமி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். ஏன் சாத்தினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

"குடும்பக் குழுன்னு சொன்னான் சாமி" என்றான் எட்வின். குரல் உடைந்து வந்தது. "போன் தொலைஞ்சா கண்டுபிடிக்கன்னு சொன்னான். அவ போன்ல நாந்தான் போட்டேன். குழுன்னா மூணு பேரு வேணும், உன் போன்லயும் போடுன்னான். போட்டேன். அவளை மட்டுந்தான் பாக்குதான்னு நினைச்சேன். என்னையும் பாக்குதான்." கையெடுத்துக் கும்பிட்டான். "அவ சொன்னது உள்ளது. நான் சொன்னதுதான் பொய்."

ஜெர்லினுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

சாமி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "போன் கதை எனக்குப் பாதிதான் விளங்குது. சட்டப்படி இது தடையான்னு கேட்டா, நான் பிஷப் ஆபீஸுக்குத்தான் எழுதிக் கேக்கணும். ஆனா ஒரே ஒரு கேள்விக்கு யார்ட்டயும் கேக்க வேண்டாம். அதுக்குப் பதில் உங்கப்பனும் சொல்ல முடியாது, அண்ணனும் சொல்ல முடியாது." ஜெர்லினை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குச் சம்மதமா?"

நிச்சயத்தன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இந்தக் கேள்வியை ஒருத்தரும் அவளிடம் கேட்கவில்லை.

"சம்மதம் இல்ல சாமி."

சாமி எழுதிவைத்த ஓலைகளில் அவளுடையதை எடுத்து, நான்காக மடித்து, மேசை இழுப்பறைக்குள் போட்டார். கல்யாணம் நின்றது இவ்வளவு சின்னச் சத்தத்தில்.

எட்வின் தன் போனைத் தங்கையிடம் நீட்டினான். "இதுலயும் உன் சிஸ்டத்தப் போட்டுரு."

"எல்லாம் அழிஞ்சிரும்ண்ணே."

"அழியட்டும்."

"விசா இதுலதான் வரணும்."

"அது இனிமே வராது பிள்ளே" என்றான் அவன். அதைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியது. கலங்காமல் என்ன செய்யும், பதினாறு வருட ஆசை.

வெளியே வந்தால், சாத்திய ஜன்னலுக்குப் பக்கத்தில் பவுலின் நின்றுகொண்டிருந்தாள். மகன் சொன்ன பொய்யையும் கேட்டிருக்கிறாள், சாமி வாய்விட்டுப் படித்ததையும் கேட்டிருக்கிறாள். முகம் அழுது வீங்கியிருந்தது. மகளின் கன்னத்தை ஒருமுறை தடவினாள். பிறகு கையில் இருந்த போனைக் காட்டினாள்.

"அப்பா பேசுனாவ" என்றாள். "தோணி சொன்ன நாளுக்கு மூணு நாள் முன்னாலயே இன்னைக்குத் தூத்துக்குடிக்கு வந்துட்டாம். சம்பந்தி வீட்டுல இறங்கி, டெனிஸோட அம்மா சாரம்மாள் மைனியையும் கூட்டிக்கிட்டு, கூறைச் சேலையோட கார்ல வந்துக்கிட்டு இருக்காவ. ஆத்தூர் தாண்டியாச்சாம். நாளைக்கு மூணாம் ஓலையைக் குடும்பத்தோட இருந்து கேக்கணுமாம்." மூச்சு வாங்கினாள். "அந்த மனுசன்ட்ட என்னன்னு சொல்ல? எப்படிச் சொல்ல?"

ஜெர்லின் வாயைத் திறந்தாள்.

"நீ சும்மா இரு" என்றான் எட்வின். "போட்டது நான். நாந்தான் சொல்லணும்."

ஊர் எல்லைப் பாலத்தில் ஒரு காரின் விளக்கு திரும்பியது. எட்வின் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அதை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.